பின் பெடல் ஏன் தேயவில்லை: ஈப்போவிலிருந்து காம்பாருக்கு இரட்டைச் சைக்கிளில்

என் மனைவி ஜெயந்திக்கு நேரெதிரே இருப்பவை தெரியும், பக்கவாட்டில் வருபவை தெரியாது. கண் அழுத்த நோய். இனிமேல் தனியாகச் சாலையில் வண்டி ஓட்டக் கூடாது, சைக்கிளும் கூடாது என்று சென்ற ஆண்டு மருத்துவர் சொல்லிவிட்டார். காரை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சைக்கிள் அப்படியில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஞாயிறு காலை அவளுக்குச் சைக்கிள்தான். அதனால் சித்தியவானில், கடற்கரைப் பயணிகளுக்குச் சைக்கிள் வாடகைக்கு விட்டு மூடிப்போன ஒரு கடையிலிருந்து, இருவர் மிதிக்கும் இரட்டைச் சைக்கிள் ஒன்றை 700 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். இரும்புச் சட்டம், ஏழு கியர், முன்னால் நான், பின்னால் அவள்.

நான்கு மாதங்களில் பின் சக்கரத்தில் இரண்டு முறை ஸ்போக் கம்பி அறுந்தது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். என்ன செய்யலாம் என்று இரண்டு பேரைக் கேட்டேன். ஈப்போவில் நான் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடைக்காரர் தேவா, "பின் சக்கரம், பிரேக், கிராங்க், சீட்டு எல்லாம் மாத்திடலாம் அண்ணே, 1,450 வெள்ளி" என்றார். வெள்ளி என்றால் இங்கே ரிங்கிட்தான். காம்பாரில் ராபர்ட் என்பவர் தன்னுடைய அலுமினிய இரட்டைச் சைக்கிளை 4,800க்கு விற்பதாக இணையத்தில் போட்டிருந்தார். இருபத்தேழு கியர், டிஸ்க் பிரேக். தொலைபேசியில் அவர் பேசிய பேச்சு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இனித்தது.

முப்பது வருடம் நிருபராக இருந்தவனுக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், இரண்டு பேருக்கும் ஏதோ ஆதாயம் இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். போய்ப் பார்த்துவிடுவோம், நம் சைக்கிளிலேயே போவோம் என்றேன். ஜெயந்தி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "காம்பார் வரைக்கும் வாரேன். அந்த நல்ல சைக்கிள்லயும் இடுப்பு இப்படித்தான் போச்சுன்னா, ரெண்டும் வேணாம். என்னை விட்டுடுங்க." கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை ஏழே காலுக்குக் கிளம்பினோம். ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வரை லாரிகள் அதிகம், சாலையோரம் சுண்ணாம்புத் தூசி படிந்திருக்கும். முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். அங்கிருந்து கோப்பேங் போகும் பழைய சாலையில் சின்னச் சின்ன ஏற்றங்கள். இரண்டாவது ஏற்றத்தில் சைக்கிள் நகர மறுத்தது. ஒரு சந்தேகம் எனக்கு வாரக்கணக்காகவே இருந்தது.

"நீ மிதிக்கிறியா?" என்று கேட்டேன்.

"பின்ன என்ன, பின்னால உக்காந்து பூக்கட்டுறேனா?"

"கால் சுத்தும். செயின் இழுத்துக்கிட்டுப் போவும். அழுத்துறியான்னு கேக்குறேன்."

அடுத்த பத்து மீட்டரில் யாரோ பின்னால் அரிசி மூட்டையை ஏற்றியதுபோல் சைக்கிள் கனத்தது. நான் நின்றபடி மிதித்து மூச்சு வாங்கியபோது குரல் கேட்டது. "இப்பத்தான் அழுத்தாம இருந்தேன். வித்தியாசம் தெரியுதா, சார்?"

அந்தச் சந்தேகம் அங்கேயே முடிந்தது. கோப்பேங்கில் ஒன்பது மணிக்குத் தோசையும் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீயும், இரண்டு பேருக்கும் பதினோரு ரிங்கிட். இதுவரை இருபது கிலோமீட்டர்.

கோப்பேங்கைத் தாண்டியதும் பெருஞ்சாலையை விட்டு ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்தோம். ஆறு கிலோமீட்டர் கூடுதல், ஆனால் லாரி இல்லை. இப்போது அங்கே ரப்பர் கிடையாது, இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். ரப்பர் பால் எடைபோட்ட கொட்டகையின் சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம். அதன்மேல் யாரோ வாழைத்தார் அடுக்கி வைத்திருந்தார்கள். தோட்டப் பாதையில் நூறு நூற்றைம்பது மீட்டருக்கு ஒரு போங்கோல். செம்பனை லாரிகளின் வேகத்தைக் குறைக்கப் போட்ட மேடுகள். ஐந்தாவதோ ஆறாவதோ மேட்டில் பின்னாலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம், கூடவே ஜெயந்தியின் "அம்மா!"

மூன்றாவது ஸ்போக். கியர் பக்கம், அச்சுக்குப் பக்கத்தில் அறுந்திருந்தது. சக்கரம் கோணலாகச் சுற்றி பிரேக் கட்டையில் உரசியது. பிரேக்கைத் தளர்த்திவிட்டு, அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் முறுக்கிக் கட்டினேன். மெதுவாக ஓட்டினால் இப்படிக் கொஞ்ச தூரம் போகலாம். கட்டும்போது மனம் தேவாவிடம் போனது. இரண்டு வாரம் முன்புதான் இந்தச் சக்கரத்தை அவர் சரிசெய்து தந்தார். புதிய சக்கரம் விற்க வேண்டும் என்றால், பழையதில் ஒரு கம்பியைக் கொஞ்சம் அதிகமாக முறுக்கி வைத்தால் போதாதா?

இதைச் சொன்னேன். ஜெயந்தி சாலையோரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். "உங்களுக்கு எல்லார் மேலயும் சந்தேகம் லா. முன்னால உக்காந்து ஓட்டுறவங்க மேல மட்டும் வராது."

அப்போது அதை நான் பொருட்படுத்தவில்லை.

காம்பார் போய்ச் சேர பதினொன்றரை. மொத்தம் நாற்பத்து நான்கு கிலோமீட்டர். ராபர்ட்டுக்கு ஐம்பது வயதிருக்கும், ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை. வீட்டு முன்வாசலில் சைக்கிள் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அழகான சைக்கிள், அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்தது வேறு. முன் பெடலின் பற்கள் மழுங்கியிருந்தன. பின் பெடலில் கடையில் வாங்கிய அன்றிருந்த கூர்மை அப்படியே இருந்தது. முன் கைப்பிடி ரப்பர் வழவழவென்று இருந்தது. பின் கைப்பிடியில் அச்சடித்த எழுத்துகூட அழியவில்லை.

"யாரு பின்னால ஓட்டுனாங்க?"

"என் வைஃப்தான் அண்ணே."

"நிறைய ஓட்டுனாங்களோ?"

"ஓட்டுனா, ஓட்டுனா. இப்ப அவளுக்கு டைம் இல்ல. நீங்க ஓட்டிப் பாருங்க, சும்மா பறக்கும்."

ஓட்டிப் பார்த்தோம். குடியிருப்பைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர். கியர் வெண்ணெய்போல் மாறியது, பிரேக் விரல் பட்டால் நின்றது. அங்கேயும் மூன்று போங்கோல். திரும்பி வந்து இறங்கியபோது ஜெயந்தி இடுப்பில் கை வைத்தாள். கையை அங்கேயே வைத்திருந்தாள். வீட்டில் அவள் சொன்னது நினைவிருந்தது.

அப்போதுதான் ராபர்ட்டின் மனைவி ஸ்டெல்லா பார்லி தண்ணீர் கொண்டு வந்தார். நான் விடவில்லை. "நீங்க ஏன் ஓட்டுறத விட்டுட்டீங்க?" என்றேன்.

ராபர்ட் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா பதில் சொல்லிவிட்டார். "ஏறுனா சாமான் மாதிரி உக்காந்திருக்கணும் அண்ணே. மேடு வருதா, பள்ளம் வருதா, ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அவரு எம்பிக்குவாரு. எனக்கு முன்னால அவரு முதுகுதான் தெரியும், தூக்கிப் போட்டப்புறம்தான் மேடுன்னே தெரியும். மூணே தடவ. போதும்னுட்டேன்."

"சொல்லிருக்கேன்லா, ரெண்டு தடவ சொன்னேன்," என்றார் ராபர்ட்.

"விழுந்தப்புறம் சொன்னீங்க!"

ஜெயந்தி சிரிக்க ஆரம்பித்தாள். பார்லி தண்ணீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். "அக்கா, உங்க வீட்டுலயும் அதே ஆளா!"

ராபர்ட்டும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என்னைப்போல அவரும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்தான், பிறகு விசாரித்தேன். எங்கள் ஊர்களில் சைக்கிள் என்றால் முன்னால் ஓட்டுபவர் ஒருவர், பின்னால் கேரியரில் உட்காருபவர் ஒருவர். பால் வாளியானாலும் தம்பியானாலும் மனைவியானாலும், கேரியரில் இருப்பதற்கு யாரும் சாலையைச் சொல்லி ஓட்டுவதில்லை. பின்னால் பெடல் இருந்தும் நாங்கள் இரண்டு பேரும் கேரியராகவே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். மேட்டில் நான் இருக்கையை விட்டு எழுந்துகொள்கிறேன். அவளுக்குத் தெரியாததால் முழு எடையோடு உட்கார்ந்திருக்கிறாள். அடி முதலில் சக்கரத்துக்கு, பிறகு இடுப்புக்கு. மலிவான சக்கரம் அதைத் தாங்கவில்லை. விலையுயர்ந்த சக்கரம் தாங்கிக்கொண்டது, இடுப்பு தாங்கவில்லை.

"இன்னொரு ரவுண்டு போலாம்," என்றாள் ஜெயந்தி. "வாயத் திறந்து ஓட்டுங்க."

திறந்தேன். "மேடு வருது. எந்திரி. உக்காரு. இடது பக்கம் திரும்புறேன். பிரேக்." முதலில் சந்தையில் ஏலம் விடுவதுபோல எனக்கே கூச்சமாக இருந்தது. ஓரிடத்தில் "பள்ளம்" என்றேன், அவள் எழுந்தாள், பள்ளம் வரவில்லை.

"எங்க பள்ளம்?"

"ஒதுக்கி ஓட்டிட்டேன்."

"அதையும் சொல்லணும்லா. நான் எவ்வளோ நேரம் தொங்கிக்கிட்டு இருக்கிறது?"

இறங்கியபோது அவள் கை இடுப்புக்குப் போகவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராபர்ட்டின் சைக்கிளை வாங்கவில்லை. காரணம் விலை மட்டுமில்லை. ஸ்டெல்லா நல்ல உயரம். அந்தப் பின் கைப்பிடிக்கு ஜெயந்தி குனிந்து நீட்ட வேண்டியிருந்தது, அதை மாற்ற முடியாது. தவிர, "இப்ப விக்காதீங்க, ஒரு மாசம் பாக்கலாம்" என்று ஸ்டெல்லா கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததும் காதில் விழுந்தது. எங்கள் சைக்கிளை ஒரு பிக்கப்பில் ஏற்றி ஈப்போவுக்குத் திரும்பினோம். வாடகை தொண்ணூறு ரிங்கிட். பேரம் பேசினால் எண்பதுக்கும் வரலாம்.

இதேபோல் குழம்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை இவைதான். 700, 800 ரிங்கிட் இரட்டைச் சைக்கிளில் பின் சக்கரத்தையும் பிரேக்கையும் கட்டாயம் மாற்றுங்கள். பின் சக்கரத்துக்கு இரட்டைச் சுவர் அலுமினிய வளையம், தடித்த ஸ்போக், கையால் பின்னியது. எங்களுக்கு இரண்டும் சேர்த்து 520 ஆனது. பெடலைத் தாங்கும் கிராங்க், கியர் இப்போதைக்கு வேண்டாம். டிஸ்க் பிரேக்குக்குச் சட்டத்திலேயே பொருத்தும் இடம் இருக்க வேண்டும். இல்லாத சட்டத்தில் ஒட்டுவேலை செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். மாற்றும் செலவு சைக்கிள் விலையைத் தாண்டினால் நல்லதாகவே வாங்கலாம், ஆனால் பின்னால் உட்காருபவரைக் கூட்டிக்கொண்டு போய் வாங்குங்கள். பழையது வாங்குவதானால் பின் பெடலைப் பாருங்கள்.

தேவா மேல் நான் சுமத்திய குற்றத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 1,450 சொன்னவர் 520க்கு ஏன் முகம் சுளிக்காமல் ஒத்துக்கொண்டார் என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை.

சக்கரத்தை வாங்கப் போன அன்று ஜெயந்தி அவரிடம் தனியாக ஒன்று கேட்டாள். பின் கைப்பிடியில் ஒரு மணி.

"பின்னால மணியா அக்கா? யாருக்கு அடிக்கப் போறீங்க?"

"முன்னால இருக்கிறவருக்குத்தான். பேச்ச நிறுத்துனா அடிப்பேன்."

எட்டு ரிங்கிட். இப்போது ஞாயிறு தவறாமல் கோப்பேங் வரை போய் வருகிறோம். அடுத்து சித்தியவான் என்கிறாள். சென்ற வாரம் நான்கு முறை மணி அடித்தது. மூன்று முறை நான் வாய் மூடியிருந்தது உண்மை. நான்காவது முறை பேசிக்கொண்டேதான் இருந்தேன். வேண்டுமென்றே அடித்தாள் என்று சந்தேகிக்கிறேன். திரும்பிப் பார்த்து உறுதிசெய்ய வழியில்லை. நான் சாலையைப் பார்க்க வேண்டும்.