மாமி தொட்ட இரண்டாம் முகம்

அந்த அட்டையை நினைத்தாலே எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. கையகல அட்டை. அதில் வரிசையாக ஆறு முகங்கள். முதல் முகம் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும். அடுத்தடுத்தவை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போய், கடைசி முகம் கண்ணீர் வடிக்கும். கீழே பூச்சியத்தில் தொடங்கி இரண்டிரண்டாகப் பத்து வரை எண்கள். நோயாளி தன் வலிக்கு ஏற்ற முகத்தைத் தொட வேண்டும், நான் அதன் எண்ணை எழுத வேண்டும். கண்டியில் ஒரு கிளினிக்கில் ஒன்றரை வருடம் எனக்கு இதுதான் வேலை.

மனிதர்கள் வலியை எப்படி உணர்கிறார்கள், ஒரே நோய் ஒருவருக்கு ஏன் கூடுதலாகவும் இன்னொருவருக்கு ஏன் குறைவாகவும் வலிக்கிறது என்று ஒரு டொக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். வயிற்று வலியோடு வருபவர்களிடம் அட்டையை நீட்டுவோம். ஆறு அல்லது அதற்கு மேல் தொட்டவர்களுக்கு அதே வாரத்தில் ஸ்கேன். அதற்குக் கீழே தொட்டவர்கள் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். தமிழ் பேசுபவர்களிடம் கேட்க என்னை எடுத்தார்கள். தாளில் எழுதியிருக்கும் ஒரு வசனத்தை மட்டும் வாசிக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு சொல் கூட்டக்கூடாது, விளக்கம் சொல்லக்கூடாது, தலையைக்கூட ஆட்டக்கூடாது. விதி அப்படி.

புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் பெண்களிடம் அட்டை முதல் வாரத்திலேயே பல்லிளித்துவிட்டது. ஒரு அம்மா கடைசி முகத்தைப் பார்த்ததும் அட்டையைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். “காலங்காத்தால அழுற மூஞ்சியக் காட்டாதீங்க மிஸ். அதுல கை வச்சா வீட்டுக்கு ஆகாது” என்றார். அழுகை என்பது இழவு வீட்டுக்கு உரியது. உயிரோடு இருக்கும்போதே தன் பெயரில் அதைத் தொட்டு வைக்க எந்தப் பெண்ணுக்கும் மனம் வரவில்லை. நிமிர்ந்து உட்கார முடியாதவர்கள்கூட விரலை இரண்டிலோ நாலிலோ வைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து வரச்சொன்ன துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

நான் டொக்டரிடம் சொன்னேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை சொன்னேன். அவர் மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஓம், விளங்குது. ஆனா அட்டையை மாத்தேலாது” என்றார். பல நாடுகளில் சரிபார்த்த அட்டையாம். மாற்றினால் ஒப்பிட முடியாதாம். தோட்டத்துப் பெண்கள் குறைந்த எண்ணைத் தொடுகிறார்கள் என்பதே முக்கியமான விசயம் என்று சந்தோசப்பட்டார். ஆனாலும் வேலையை விடவில்லை. குண்டசாலையில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு மாமியின் முகத்தைப் பார்ப்பதைவிட இது மேல் என்று இருந்தேன்.

மாமி என்றால் என் கணவரின் அம்மா. புசல்லாவையில் தோட்டத்து லய வீட்டில் இருந்துகொண்டு முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்தவர். மாமா போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். நான் கம்பளையில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. கடைக்காரி மகளுக்கு உடம்பு வளையாது என்பது அவர் பாட்டு. லயத்துப் புத்தி போகாது என்பது நான் வாய்க்குள் முணுமுணுத்தது. அவருக்கும் அது கேட்டுத்தான் இருக்கும். ஆறு வருடம் ஒரே குசினியில் இப்படித்தான் ஓடியது.

பிறகு அவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. வலி வந்ததும் வாய் ஓயவில்லை. சோறு வடிக்கும்போது வலி, துணி காயப்போடும்போது வலி, முக்கியமாக என் கணவர் வேலையால் வந்து செருப்பைக் கழற்றும்போது பெரிய வலி. எல்லாம் நடிப்பு என்று கணவரிடம் அடித்துச் சொன்னேன். அவர் நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. எங்கோ ஒரு டொக்டரிடம் காட்டிக் கடிதம் வாங்கி, அம்மாவை எங்கள் கிளினிக்குக்கே கூட்டி வந்து வாசலில் விட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

மாமி கல்யாண வீட்டுக்குப் போகும் சேலையில் வந்திருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். என் மேசைக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்தார். சொந்தக்காரர்களிடம் நாங்கள் கேட்கக்கூடாது என்று இன்னொரு விதி இருந்தது. நேர்ஸிடம் ஒரு வார்த்தை சொன்னால் வேறு யாரையாவது கூப்பிட்டிருப்பார். நான் சொல்லவில்லை. அவர் எதைத் தொடுவார் என்று என் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன்.

“இந்த முகங்களில் உங்கள் வலிக்குப் பொருத்தமான முகத்தைத் தொட்டுக் காட்டுங்கள்” என்று வாசித்தேன். மாமி அட்டையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நானும் விதிப்படி முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். பிறகு விரலை இரண்டாம் முகத்தில் வைத்தார்.

அன்று காலையில்தான் குசினிச் சுவரோடு சாய்ந்து குந்திக்கொண்டு, தன்னைக் கொண்டுபோய்ப் புதைத்துவிடச் சொல்லிக் கத்தியவர். நான் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவரது நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றதையும் பார்த்தேன். எல்லாம் தெரிந்தும் கட்டத்தில் 2 என்று எழுதினேன். விதிதானே என்று எனக்கே சமாதானம் சொன்னேன். அது பொய். நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன்.

அன்று கணவர் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன். உங்கள் அம்மாவே தன் கையால் இரண்டைத் தொட்டார், கேட்டுப் பாருங்கள் என்றேன். மாமி அறைக்குள் இருந்தார். கதவு திறந்தே இருந்தது.

அதோடு வீட்டில் முனகல் சத்தம் நின்றுவிட்டது. மாமி வாயைத் திறக்கவே இல்லை. வேலைகளை மெதுவாகச் செய்தார், சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் திரிந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நாட்களில் நான் பாட்டுக்கூட முணுமுணுத்திருக்கிறேன்.

ஐந்தாவது வாரம் பின்பக்கத்துப் பைப்படியில் மாமி விழுந்து கிடந்தார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பித்தப்பையில் கல் அடைத்து, அது அழுகி, சீழ் வயிற்றுக்குள் பரவியிருந்தது. வெட்டிச் சுத்தம் செய்த சத்திரசிகிச்சை டொக்டர், இத்தனை நாள் இதை எப்படிப் பொறுத்துக்கொண்டிருந்தார் என்று என் கணவரிடம் கேட்டார். கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். இன்றுவரை அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, திட்டியிருந்தால் தேவலை.

மாமி பிழைத்தார். வார்டில் பத்தாம் நாள், கஞ்சி கொடுத்து முடித்த பிறகு கேட்டேன். மற்றப் பெண்களைப் போல, அழுகிற முகம் ஆகாது என்றுதான் தொடவில்லையா என்றேன். மாமி வாயைத் துடைத்துக்கொண்டார்.

“ஆகும் ஆகாதுன்னு நான் எப்பப் பாத்தேன்?” என்றார். “வேற யாராச்சும் கேட்டிருந்தா கடசி மூஞ்சியத்தான் தொட்டிருப்பேன். நீ பாத்துக்கிட்டு இருக்கையில எப்புடித் தொடுவேன்?”

மறுநாள் கிளினிக் டொக்டரிடம் போனேன். இரண்டைத் தொட்ட ஒருவர் என் மாமி, நான் மறைத்துவிட்டேன், அந்த இரண்டை வெட்டிவிடுங்கள் என்றேன். டொக்டருக்குக் கோபம் வந்தது, அதுவும் நான் மறைத்ததற்காக மட்டும். தரவுகளை ஏற்கெனவே பூட்டியாகிவிட்டது, இனித் தொட முடியாது என்றார். அது பிழையான எண் என்றேன்.

“அவ தொட்டது ரெண்டு. நீர் எழுதினதும் ரெண்டு. இதில பிழை எங்க?” என்றார்.

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். தோட்டத்துப் பெண்கள் வலியைக் குறைவாக உணர்கிறார்கள் என்று அவர் எங்கோ ஒரு மண்டபத்தில் வரைபடம் போட்டுப் பேசியதாகக் கேள்விப்பட்டேன். அந்த வரைபடத்தில் என் மாமியும் ஒரு புள்ளியாக இருப்பார்.

மாமி இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். தையல் போட்ட இடம் மழைக் குளிருக்கு இழுக்கும் என்று டொக்டர்மார் சொல்லியிருக்கிறார்கள். குண்டசாலையில் மழை பிடிக்கும்போதெல்லாம், கையில் தாளும் இல்லாமல் அட்டையும் இல்லாமல் போய், வலிக்குதா மாமி என்று கேட்கிறேன். அவர் என்னை நேராகப் பார்த்து, பல் தெரியச் சிரிக்கிறார். அட்டையில் அந்த முகத்துக்குக் கீழே பூச்சியம் என்று போட்டிருக்கும்.