ஒரு வேனுக்காக அந்தோணியாரிடம் இரண்டு மனு

ரொட்டி திரும்பி வந்தது. என் வீட்டுக்காரர் வரவில்லை. எங்கள் சோதனை அப்படித்தான் தொடங்கியது, சகோதர சகோதரிகளே.

ஆஸ்டின் டவுனில் எங்களுக்கு ஒரு சின்ன பேக்கரி. விடிகிற நேரத்தில் அவர் ரொட்டிக் கூடைகளை வேனில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி, தொம்மலூர் கடைகள் என்று ஒரு சுற்றுப் போய் வருவார். திரும்பும்போது தெருமுனையில் ஹாரன் அடிப்பார். தொண்டை கட்டின ஆள் இருமுவது போல இருக்கும் அந்தச் சத்தம். அதைக் கேட்ட பிறகுதான் நான் காபிக்குத் தண்ணீர் வைப்பேன். தவக்காலம் தொடங்கியிருந்த சமயம், ஒரு நாள் அந்த ஹாரன் கேட்கவே இல்லை. வெயில் ஏறிய பிறகு வாசலில் ஒரு ஜட்கா, குதிரை வண்டி, வந்து நின்றது. அதில் எங்கள் கூடைகள் இருந்தன.

"தொம்மலூர் எறக்கத்துல உங்க வேன் வயலுக்குள்ள பூந்துடுச்சும்மா" என்றான் ஜட்காக்காரன். மேலே என்னவோ சொன்னான். எனக்குக் காதில் விழவில்லை. அதே ஜட்காவில் ஏறி உட்கார்ந்தேன். கையில் செபமாலை கூட இல்லை. மாதாவே, மாதாவே என்பதற்கு மேல் வாயில் ஒரு செபமும் வரவில்லை.

அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் துண்டு கட்டியிருந்தார், அதில் ரத்தம். என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "வண்டிக்கு ஒண்ணும் ஆகல மேரி."

"நான் வண்டியையா கேட்டேன்?" என்று கத்தினேன். வயலில் வேலை செய்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. எதிரே மாடுகள் வந்ததால் வயலுக்குள் திருப்பிவிட்டிருக்கிறார். அந்த வேன் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. மைல் மீட்டர் எப்போதோ ஓய்ந்துபோய் நின்றுவிட்டது, வண்டி மட்டும் நிற்கவில்லை. எஞ்சின் புகை கக்கும். மேட்டில் ஏற்றினால் மூச்சு வாங்கும். ஆனால் பின்னால் இருந்த பெட்டி மட்டும் நல்ல தேக்கு. அவரே தச்சனோடு கூட நின்று செய்து வாங்கியது. ரொட்டியில் ஒரு சொட்டு மழை பட்டதில்லை. அந்தப் பெட்டியை அவர் தடவிக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வித்துத் தொலைத்துவிட்டு வேறு வண்டி வாங்கலாம் என்றேன் நான். எஞ்சினைப் பிரித்துச் சரி பண்ணினால் இன்னும் பல வருஷம் வரும் என்றார் அவர். யுத்த காலம். வெளிநாட்டு உதிரிச் சாமான் எதுவும் வருவதில்லை. ஒர்க்‌ஷாப் மேஸ்திரி உதட்டைப் பிதுக்கினார். அந்தச் சமயத்தில்தான் தரகர் பீட்டர் வந்து, குடகு காபித் தோட்டத்து வேன் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்றார். எங்கள் வண்டியின் அதே கம்பெனி, அதே அளவு. அதிகம் ஓடாதது. பெயின்ட் பளபளவென்று மின்னியது. வேறு ஆள் கேட்கிறான், சீக்கிரம் சொல்லுங்கள் என்று அவசரப்படுத்தினார்.

வீட்டில் பேச்சே சண்டையாகிவிட்டது. பிறகு சண்டையும் நின்று பேச்சே இல்லாமல் போனது. அதுதான் எனக்கு அதிக பயத்தைக் கொடுத்தது. ஒவ்வொரு நாளும் அவர் சுற்றுக்குக் கிளம்பும்போது இது திரும்பி வருமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். தேய்ந்த பிரேக்கை இழுத்துக் கட்டிக்கொண்டுதானே போகிறார்!

செவ்வாய்க்கிழமை, அந்தோணியாரின் நாள். புது வண்டி கிடைத்தால் செவ்வாய் தோறும் ஏழைகளுக்கு அந்தோணியார் ரொட்டி கொடுக்கிறேன் என்று நேர்ந்துகொள்ள மெழுகுவர்த்தியோடு கோவிலுக்குப் போனேன். சுரூபத்துக்கு முன்னால் ஓர் ஆள் முழந்தாளிட்டிருந்தார். மைதா மூட்டை பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன என் வீட்டுக்காரர்!

"நீங்க என்ன கேட்டீங்க?"

"நீ என்ன கேக்க வந்தே?"

அவர் பழைய வண்டி தேற வேண்டும் என்று நேர்ந்திருக்கிறார். நேர்ச்சையும் அதே ரொட்டிதான்! நானும் பக்கத்தில் முழந்தாளிட்டு என் மனுவை வைத்தேன். "பாவம், அவரையும் பேஜாருல மாட்டி வுட்டோம்" என்றார் என் வீட்டுக்காரர். எத்தனையோ நாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தோம். ஆனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கள் ஜனங்கள் வண்டி வாங்கினால் கோவிலுக்குக் கொண்டுபோய்த் தீர்த்தம் தெளித்து மந்திரித்து, குடும்பமாக ஏறி உட்கார்ந்து கோவிலை ஒரு சுற்றுச் சுற்றுவது வழக்கம். நான் வாங்குவதற்கு முன்பே பீட்டரை வண்டியோடு கோவிலுக்கு வரச் சொல்லி மந்திரிக்க ஏற்பாடு செய்தேன். தீர்த்தம் பட்ட வண்டியை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வராது என்பது என் கணக்கு. எனக்குச் சாமர்த்தியம் கொஞ்சம் அதிகம்.

"வாங்காத வண்டிய எப்படிம்மா மந்திரிக்கிறது?" என்று பங்குச் சுவாமியார் கேட்டார். "இன்னிக்கே முடிஞ்சிரும் சாமி" என்றேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். சுவாமியார் சிரித்துக்கொண்டே தீர்த்தம் தெளித்தார்.

பிறகு ஏறினோம். என் நாத்தனார் செசிலி கொஞ்சம் கனத்த சரீரம். அவள் பின்னால் ஏறி இரண்டடி வைத்ததும் மடார் என்று ஒரு சத்தம். "ஐயோ சேசுவே!" தரையில் விரித்திருந்த ரப்பர் பாயைக் கிழித்துக்கொண்டு அவள் கால் கீழே போய்விட்டது. பலகை முழுக்க உளுத்திருந்தது. குடகு மழை அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. பெயின்ட் மட்டும்தான் புதுசு. பீட்டருக்கே அது தெரியாது, மனிதர் வெலவெலத்துப் போனார்.

"நான் தெளிச்சது ரெண்டு சொட்டுதாம்மா" என்றார் சுவாமியார்.

செசிலிக்குச் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் எனக்கு உலகமே இருட்டிவிட்டது. இதுவும் இல்லையென்றால் இனி அந்தப் பழைய பிரேக்தான், அந்த இறக்கம்தான். அந்தோணியாரே, இதுதானா உம்முடைய பதில் என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. முன்னால் போய் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எஞ்சின் என்னமா இருக்கு மேரி! பிரேக்கும் கெட்டி. மேல் பொட்டிதான் வீணாப் போச்சு" என்று வருத்தப்பட்டார்.

அந்த அனுதாபம்தான் எனக்குத் தாங்கவில்லை. "அப்போ உங்க தேக்குப் பொட்டியத் தூக்கி இதும்மேல வச்சுக்குங்க, போங்க!" என்று வெடித்தேன்.

ஆத்திரத்தில் சொன்னதுதான். மோட்டாரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அவர் அப்படியே நின்றுவிட்டார். பீட்டர் என்னைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே அளவு அடிச்சட்டம்தானே" என்றார் மெதுவாக. அந்த வார்த்தை என் வாயில் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யார் வைத்தார் என்று மட்டும் தெரியும்.

உளுத்த பெட்டி என்பதால் பீட்டர் எங்களால் முடிந்த விலைக்கே பேசி முடித்துக் கொடுத்தார். ஒர்க்‌ஷாப்பில் இரண்டு வண்டிகளையும் அடுத்தடுத்து நிறுத்தினார்கள். புது வண்டியின் அடிச்சட்டமும் எஞ்சினும் பிரேக்கும் கீழே, எங்கள் தேக்குப் பெட்டி மேலே. பழைய ஹாரனை நான்தான் மாட்டச் சொன்னேன். வேலை முடியும்வரை ரொட்டி ஜட்காவில் போயிற்று.

பெரிய வெள்ளிக்குச் சிலுவைக் குறி போட்ட பன் ஏற்றிக்கொண்டு வண்டி முதல் சுற்றுப் போனது. நான் தெருமுனையிலேயே நின்றேன். ஹாரன் இருமியது. அவர் இறங்கி வந்து, "பழசு எப்படித் தேறிடுச்சு பாத்தியா?" என்றார். "புதுசு எப்படி ஓடுது பாத்தீங்களா?" என்றேன் நான். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. நேர்ச்சை ரொட்டியை மட்டும் இருவர் பேரிலும் செவ்வாய் தோறும் இரட்டிப்பாகக் கொடுக்கிறோம்.

அன்று காபி குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்: "தொம்மலூர் எறக்கத்துல கட்டை வண்டி ஒண்ணு குறுக்க வந்துச்சு. பிரேக்க மிதிச்சேன். நின்னுச்சு."

நான் எழுந்து உள்ளே போய், மாதா படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். புதுசும் இல்லை, பழசும் இல்லை. நான் இத்தனை நாளும் கேட்டது அந்த 'நின்னுச்சு' என்ற ஒரு வார்த்தையைத்தான். அவர் வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். எனக்கே புரியாத என் மனுவை ஆண்டவர் புரிந்துகொண்டார். அந்தோணியாருக்கும் நன்றி.

உங்கள் வீட்டிலும் ஒரே பீடத்துக்கு முன்னால் இரண்டு பேர் இரண்டு விதமாக வேண்டிக்கொண்டிருக்கலாம். கூச்சப்படாதீர்கள். பக்கத்தில் போய் முழந்தாளிடுங்கள், உங்களுடையதையும் சொல்லுங்கள். எனக்கு நேரமாகிறது, எழுதுவதை இதோடு நிறுத்துகிறேன். தெருமுனையில் ஹாரன் கேட்கிறது, காபிக்குத் தண்ணீர் வைக்க வேண்டும்.