ரிப்பேர் பொத்தான்

மாதேஸ்வரி அக்கா கெலமங்கலத்துக்காரி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சரளமாகத் திட்டுவாள். ஜூஜுவாடி பக்கம், வண்டிகளுக்கு வயர் செட் செய்யும் எங்கள் கம்பெனியில் பதினோரு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. போன ஆண்டு மிஷினுக்கு மிஷின் டேப்லெட் மாட்டினார்கள். பழக்க வந்த பெங்களூர் ஆள் இரண்டே நாளில் ஓடிவிட்டான். இருபத்தாறு பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தது அக்காதான். யாருக்கு எந்த மொழியில் சொன்னால் மண்டையில் ஏறும் என்று அவளுக்குத் தெரியும். டேப்லெட்டைத் தொடவே பயந்த வெங்கடம்மாள்கூட ஒரே வாரத்தில் பழகிவிட்டாள். மேனேஜர் பிரதாப் அக்காவுக்குக் கைதட்டச் சொன்னார். தட்டினோம்.

மிஷினை நிறுத்தினால் டேப்லெட்டில் காரணத்தை அழுத்த வேண்டும். 'பொருள் இல்லை', 'ரிப்பேர்', 'கழிவறை' என்று மூன்று பொத்தான்கள். எதை அழுத்தினாலும் ஹால் நடுவே தொங்கும் பெரிய திரையில் பெயரோடும் நிமிடத்தோடும் வந்துவிடும். 'சுசித்ரா, கழிவறை, ஒன்பது நிமிடம்.' அது நான்தான். மாதவிலக்கு நாள். லோடு ஏற்ற வந்தவன்கூட நின்று படித்தான். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. இதை யோசித்துச் செய்தவன் வீட்டில் பெண்களே கிடையாதா?

அக்காதான் வழி சொன்னாள்.

"அந்தக் கருமத்தை ஏன்டி அழுத்தறீங்க? ரிப்பேர்னு அழுத்திட்டுப் போங்க. மிஷினுக்கு என்ன, வாயா இருக்குது?"

மிஷின்களைப் பார்த்துக்கொள்பவன் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கம், அவனும் ஒப்பந்தம்தான். 'ரிப்பேர்' என்று விழுந்தால், கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு ஸ்பானரோடு ஓடிவருவான். அதற்குள் நாங்கள் திரும்பி வந்து உட்கார்ந்து, "சரியாயிடுச்சுண்ணா" என்போம். அவன் நம்பாமல் நல்ல மிஷினைத் திறப்பான், துடைப்பான், மூடுவான். போகப் போக, ஞாயிற்றுக்கிழமையும் வந்து கழற்றிப் பார்க்க ஆரம்பித்தான். எல்லாம் தெரிந்தும் நாங்கள் மூச்சு விடவில்லை.

மூன்றாம் மாதம் பிரதாப் எல்லோரையும் நிற்க வைத்து ரிப்போர்ட்டைக் காட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு ரிப்பேர்.

"டேட்டா பொய் சொல்லாது. இவ்ளோ பிரேக்டவுன் இருந்தா, மெயின்டனன்ஸ்னு ஒரு ஆள் எதுக்கு?"

சுடலைமுத்துவுக்கு அன்றோடு வேலை இல்லை என்றார்.

அக்கா வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் அவன் வேலை தப்பும். பொய்யைக் கற்றுக்கொடுத்த அவள் வேலை போகும், எங்கள் கழிவறை நிமிடங்களெல்லாம் மறுபடி திரையில் ஏறும். அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேரும் தரையைப் பார்த்தோம். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவளைக் கோழை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. தரையைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது, கேட்டருகே பையோடு நின்றிருந்தான் சுடலைமுத்து. அக்காவிடம் ஒரு நோட்டை நீட்டினான்.

"யக்கா, எந்த மிஷின்ல என்னென்ன பாத்தேன்னு தேதி போட்டு எழுதியிருக்கேன். புதுசா வாரவன்ட்ட குடுத்துருங்க. எல்லாத்தையும் கழட்டிப் பாத்துட்டேன், என்ன கோளாறுன்னு எனக்குப் பிடிபடவே இல்ல. பன்னெண்டு வருசமா பாத்த தொழிலு. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல போலுக்கு."

உன் மேல் தப்பில்லை, மிஷின் நன்றாகத்தான் இருந்தது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொல்லவில்லை.

அக்கா நோட்டை வாங்கிக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு, பாத்துப் போங்க தம்பி" என்றாள்.