காது கேளாத பிள்ளை இல்லாத வருஷம்

ஆகஸ்ட் மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம், எங்கள் வட்டாரத்துச் சிறப்புக் கல்விப் பணியாளர்கள் எல்லோரும் உயர்நிலைப் பள்ளி நூலகத்தில் கூடுவோம். ஆசிரியர்கள், உதவியாளர்கள், பேச்சுப் பயிற்சி தருபவர், வேன் ஓட்டுகிறவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிடுவோம். காபி இருக்கும், டோனட் இருக்கும். ஏ.சி. மட்டும் வேலை செய்யாது. இயக்குநர் கர்ட் வாஸிங்கர் திரையில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே அந்த ஆண்டின் மாற்றங்களைப் படிப்பார்.

அந்த வருஷமும் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தார். வேன் இனிமேல் பின்வாசலில் நிற்கும். கைமீறிப் போகிற பிள்ளையைக் காயப்படாமல் பிடித்து நிறுத்துவதற்கு எல்லோரும் மறுபடியும் பயிற்சி எடுக்க வேண்டும். பிள்ளைகளைப் பற்றிக் கடையில் வைத்துப் பேசக் கூடாது.

"ஏ.சி. பத்தி ஏதாவது உண்டா கர்ட்?" என்றான், வேன் ஓட்டும் லியோன், பின்வரிசையிலிருந்து.

"அடுத்த வருஷம்."

"போன வருஷமும் இதையேதான சொன்னே? அடுத்த வருஷம்னா நீ ரிட்டயர் ஆகிப் போற வருஷமா?"

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த பக்கம் வந்துவிட்டது. மற்றதையெல்லாம் படித்த அதே குரலில் கர்ட் அதையும் படித்தார்: "இந்த ஆண்டு நம் வட்டாரத்தில் காது கேளாத மாணவர் எவரும் இல்லை. ஆகவே சைகை மொழிபெயர்ப்பாளர் பணியிடம் நிறுத்தி வைக்கப்படுகிறது. ரோவீனா ட்ரைலிங் தொடக்கப் பள்ளி வாசிப்பு அறைக்குப் போகிறார்."

ரோவீனா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் துடைத்துக்கொண்டாள்.

"வாசிப்பு அறைல ஏ.சி. ஓடும், உனக்கென்ன," என்று லியோன் அவளுக்கு ஆறுதல் சொன்னான். அது உண்மைதான், அங்கே ஏ.சி. ஓடியது.

ரோவீனாவின் அம்மா, அப்பா இரண்டு பேருக்குமே காது கேட்காது. அப்பா ஊர்ப் பத்திரிகை அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். இயந்திரச் சத்தத்தில் மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, அவர் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்ப்பாராம். அம்மா ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போட்டார். ரோவீனாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் அவள் பேசிய முதல் சொல் வாயிலிருந்து வரவில்லை. பிஞ்சுக் கையை மூடி மூடித் திறந்து, பசு மடியைப் பிழிவதுபோல், 'பால்' என்றாளாம். அவளுக்கு அம்மா வைத்த பெயரும் கையில்தான் இருந்தது. கன்னக்குழியில் இரண்டு விரலால் தட்டினால் அது ரோவீனா.

அவள் கணவன் டேல் தானியக் கிடங்கில் வேலை பார்ப்பவன். நல்ல மனுஷன், ஆனால் விரல்கள் மரக்கட்டை. மாமியார் வீட்டுக்குப் போய்வந்த இத்தனை வருஷத்தில் அவன் கற்றுக்கொண்டது ஏழெட்டுச் சொல் இருந்தால் அதிகம். உப்பு, உட்கார் இரண்டுக்கும் சைகை கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவன் உப்பு கேட்க, பரிமாறிக்கொண்டிருந்த மாமியார் கரண்டியோடு உட்கார்ந்துவிட்டாராம். உப்பு வரவில்லை.

அப்பா முதலில் போனார், பிறகு அம்மா. அதற்குப் பிறகு கன்னத்தில் தட்டி அவளைக் கூப்பிட இந்த உலகத்தில் ஆளில்லை.

அந்தச் சமயத்தில்தான் யாரெலி வந்து சேர்ந்தாள். இறைச்சி ஆலை வேலைக்காக வந்த மெக்சிகோக் குடும்பத்துப் பிள்ளை, ஐந்து வயது. காதும் கேட்காது, மொழி என்று எதுவும் கிடையாது. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள், வேண்டாததைக் கடிப்பாள். பள்ளி அலுவலகத்தில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்த ரோவீனாவைக் கூப்பிட்டு அந்த வகுப்பில் உட்கார வைத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் தேர்வுகளெல்லாம் அதன் பிறகு எழுதினாள்.

முதல் சொல் 'இன்னும்'. ஆப்பிள் சாஸ் கிண்ணத்தைப் பார்த்து ரோவீனா விரல் நுனிகளைச் சேர்த்துத் தட்டிக் காட்ட, யாரெலி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையே திருப்பிச் செய்தாள். கிண்ணம் வந்தது. அன்று அந்தப் பிள்ளை கடிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குள் கேள்வி கேட்டே ரோவீனாவின் உயிரை வாங்கத் தொடங்கிவிட்டாள். 'பனி ஏன் குளிருது? நாய்க்குக் காது கேக்குமா? அம்மா ஏன் வாயை ஆட்டுறாங்க?'

மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பிள்ளை சொல்வதை 'நான்' என்று பிள்ளையாகவே நின்று சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, சொந்த அபிப்பிராயம் கூடவே கூடாது. ஆறாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் யாரெலியின் நோட்டைக் குனிந்து பார்த்தபோது அவள் கை படபடவென்று ஆடியது. ரோவீனா நேராக அந்த மனுஷர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க மூச்சுல வெங்காயம் நாறுது, எனக்கு வாந்தி வருது."

"ரோவீனா!"

"நான் இல்ல சார், அவ," என்று கண்ணைக் கூடச் சிமிட்டாமல் பக்கத்தில் காட்டினாள்.

பிறகு பணியாளர் அறையில் என்னிடம் இதைச் சொல்லி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "நாப்பது வருஷமா ஊர்ல எல்லாரும் மனசுக்குள்ள நெனச்சதை அந்தப் பொண்ணு சொல்லிட்டா ஜோலீன். நான் வெறும் குழாய்தான்."

எட்டாம் வகுப்பு முடியும் வசந்தத்தில், யாரெலியின் படிப்பு பற்றி ஆண்டுதோறும் நடக்கும் கூட்டம் வந்தது. யாரெலி, அவள் அம்மா மாரிசெலா, கர்ட், அவளுக்குப் பொறுப்பான ஆசிரியை என்ற முறையில் நான், நடுவில் ரோவீனா. ஸ்பானிஷுக்கு ஒரு பெண்ணைத் தொலைபேசியில் பிடித்திருந்தோம். உயர்நிலைப் பள்ளியில் என்ன பாடம் எடுக்கலாம் என்று கர்ட் கேட்டார். யாரெலி யோசிக்கவே இல்லை. கை எழுந்தது. ரோவீனா வாயைத் திறந்தாள்.

"நான் காது கேளாதவங்க பள்ளிக்கூடத்துக்குப் போறேன். அங்கேயே தங்கிப் படிக்கிறேன்."

அது மாநிலத்தின் மறுகோடியில் இருக்கிறது. காலையில் புறப்பட்டால் மதியத்துக்கு மேல்தான் போய்ச் சேரலாம்.

"இங்க உனக்கு என்ன குறைம்மா?" என்றார் கர்ட்.

யாரெலியின் கை மறுபடி எழுந்தது. இந்தத் தடவை ரோவீனாவின் குரல் ஒரு நொடி தாமதித்து வந்தது. ஆனால் ஒரு சொல்லும் குறையாமல் வந்தது.

"இங்க நான் பேசுறதுக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்கா. அவளும் சம்பளத்துக்கு வர்றவ. மூணு மணி அடிச்சா வீட்டுக்குப் போயிடுவா. எனக்கு சிநேகிதங்க வேணும்."

எனக்கு ரோவீனாவை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. தொலைபேசியில் அந்தப் பெண் எல்லாவற்றையும் ஸ்பானிஷில் சொல்லி முடித்ததும் மாரிசெலா அழத் தொடங்கினாள். அவள் அழுகைக்கு நடுவே சொன்னது தொலைபேசி வழியாக ஆங்கிலமாகி வந்தது. அதை ரோவீனா மகளுக்குக் கையால் சொன்னாள்: 'நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? வீட்டுல உன் முகத்தைப் பார்க்காம எப்படி இருப்பேன்?' அது அம்மாவின் வார்த்தைதான். ஆனாலும் அப்போது ரோவீனாவின் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை.

"ரோவீனா, உனக்குத்தான் இவளை நல்லாத் தெரியும். நீ என்ன நெனைக்கிற?" என்று கேட்டார் கர்ட்.

"நான் இங்க பேச வரல கர்ட். அவங்க பேசுறதுக்கு வந்தேன்."

கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்த பிறகுதான் அவள் எனக்குச் சொன்னாள். "அவ சொன்னது சரிதான். எங்க அம்மாவும் அந்தப் பள்ளிக்கூடந்தான். அந்த நாளைப் பத்திப் பேச ஆரம்பிச்சா அடுப்புல வச்சது கருகுறது கூடத் தெரியாது அவங்களுக்கு. நான் ஒருத்தி எப்படி நூறு பேர் ஆக முடியும்?" கார்க் கதவைத் திறந்தவள் உள்ளே ஏறாமல் நின்றாள். "ஆனா எனக்கும் அவ ஒருத்திதானே இருந்தா, ஜோலீன்."

ஆகஸ்டில் யாரெலி அந்தப் பள்ளிக்குக் கிளம்பினாள், ரோவீனா வாசிப்பு அறைக்குப் போனாள். ஏழு வயதுப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டும் வேலை. படிக்கும்போது புத்தகத்தை மடியில் கிடத்திவிட்டு, கை அதன் பாட்டுக்கு எழுந்துவிடும். ஓநாய் வந்தால் ஓநாய், மழை வந்தால் மழை.

"மிஸஸ் ட்ரைலிங், ஈ விரட்டுறீங்களா?" என்று ஒரு சின்னவன் கேட்டானாம்.

அதன்பின் இரண்டு கையாலும் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு ஜன்னல் உண்டு. இருட்டினால் அதில் அவள் உருவம் தெரியும். ஒருநாள் அவள் அந்த உருவத்தோடு ஈரக்கையால் ஏதோ பேசிக்கொண்டிருப்பதை டேல் பார்த்துவிட்டான். பக்கத்தில் வந்து நின்று, தன் மரக்கட்டை விரல்களால் தனக்குத் தெரிந்த ஒரு சொல்லைச் சொன்னான். உப்பா, உட்காரா என்று அவளுக்குத் தெரியவில்லை. சிரித்துவிட்டு அழுதாளாம்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரிசெலா கதவைத் தட்டினாள். கையில், சோளமாவுக்குள் கறி வைத்து அவித்த தமாலேப் பொட்டலம், சூடாக. உள்ளே வந்து உட்காராமலே, தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னாள்.

"மிஸ் ரோவீனா, எம்பொண்ணு தெனமும் போன்ல வர்றா. கையை ஆட்டுறா. அழறாளா சிரிக்கிறாளான்னு மட்டும் எனக்குத் தெரியுது. எதுக்குன்னு தெரிய மாட்டேங்குது."

"உட்காருங்க முதல்ல."

"இத்தனை வருஷமா நீங்க இருக்கீங்கன்னு இருந்துட்டேன். ராத்திரி ஷிப்டு. முடிஞ்சு வந்தா அவ ஸ்கூலுக்குப் போயிருப்பா. இப்ப எனக்குக் கத்துக் குடுங்க."

ரோவீனா அவள் கைகளைப் பார்த்தாள். பல வருஷம் இறைச்சி ஆலையில் கத்தி பிடித்த கைகள். விரல் கணுக்கள் வீங்கி, முழுதாக மடங்கவும் செய்யாமல், நிமிரவும் செய்யாமல் இருந்தன. வெந்நீர் வைத்துக்கொண்டு வந்து, முதலில் அந்தக் கைகளை அதில் வைக்கச் சொன்னாள்.

ஞாயிறுதோறும் மாரிசெலா வந்தாள். மேசையில் போனைச் சாய்த்து வைத்து மகளைக் கூப்பிடுவார்கள். முதல் வாரம் திரையில் அம்மாவின் பக்கத்தில் ரோவீனாவைப் பார்த்ததும் யாரெலி துள்ளினாள். கன்னத்தில் இரண்டு விரலால் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். விடுதி, கூடைப்பந்து அணி, குறட்டை விடும் அறைத்தோழி, யாருக்கு யார்மேல் கண் என்று கொட்டித் தீர்த்தாள். ரோவீனாவும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள். பல வாரப் பசி. இருவர் கையும் நிற்கவில்லை.

திரும்பியபோதுதான் மாரிசெலாவைப் பார்த்தாள். பந்து விளையாட்டுப் பார்க்கிறவளைப் போல, அவள் ஒரு முறை திரையையும் ஒரு முறை ரோவீனாவையும் பார்த்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல், முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரோவீனா தன் நாற்காலியைத் திரைக்குத் தெரியாத பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"அங்கருந்து எனக்குச் சொல்லிக் குடுங்க, நான் அவளுக்குச் சொல்றேன்," என்றாள் மாரிசெலா.

அடுத்த வாரங்களில் அந்த நாற்காலி அங்கேயேதான் இருந்தது. மகள் தெரியும் திரைக்கும் தனக்கும் நடுவே ஒரு மேசை அகலம்தான், கையை நீட்டினால் பேசிவிடலாம் என்று ரோவீனா என்னிடம் சொன்னாள். "நீட்டலை," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாள்.

நவம்பரில், நன்றி நாள் விடுமுறைக்கு யாரெலி ஊருக்கு வந்தாள். கறியும் முட்டைக்கோசும் அடைத்துச் சுட்ட பன் அவளுக்கு உயிர் என்று ரோவீனா ஒரு தட்டு நிறையச் செய்து வைத்திருந்தாள். நானும் போயிருந்தேன். அம்மாவும் மகளும் உள்ளே வரும்போதே சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். யாரெலி மூக்குக் குத்தியிருந்தாள்.

'அசிங்கம்' என்று மாரிசெலா சொல்ல நினைத்தாள். தாடைக்குக் கீழே கையை வைத்து விரல்களைத் தனித்தனியாக அசைக்க வேண்டும். அவள் விரல்கள் தனித்தனியாக அசையவில்லை, சேர்ந்தே மடங்கின. அப்படி மடங்கினால் அது 'பன்றி'.

'நான் பன்னின்னா நீ யாரு? பன்னியோட அம்மா,' என்றாள் யாரெலி.

'யாரைக் கேட்டுக் குத்தினே?'

'மூக்கைக் கேட்டு.'

மாரிசெலாவுக்கு அது புரிந்துவிட்டது. கோபத்தை விடாமல் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்துவிட்டாள். அதன் பிறகும் சண்டை தொடர்ந்தது. அவர்களுக்கு நடுவில் நான் பார்த்த முதல் சண்டை அது. பழக்கத்தில் ரோவீனாவின் கைகள் மார்பளவுக்கு எழுந்தன. இருவரில் ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. கைகளை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு பன்னைச் சூடாக்கப் போனாள்.

சாப்பிடும்போது யாரெலி அவளையும் விடவில்லை. 'போன் பண்ணு' என்று ரோவீனா சொன்னதும், 'ஐயோ, இது என்ன?' என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரோவீனா தன் அப்பா, அம்மா சொன்னபடியே சொல்லியிருந்தாள். ஒரு கை வாயருகே, ஒரு கை காதருகே, அந்தக் காலத்துத் தொலைபேசியில் பேசும் தண்டைத் தனியாகவும் கேட்கும் குழலைத் தனியாகவும் பிடிப்பதுபோல. 'இப்படிச் சொன்னா எங்க ஸ்கூல்ல உன்னை மியூசியத்துல வச்சுடுவாங்க. ஆனா நீ வா. வந்து அவங்களுக்குக் காட்டு.'

ஏப்ரலில் அந்தப் பள்ளியில் குடும்பங்களுக்கான நாள் ஒன்று வந்தது. மாரிசெலா முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டாள். டேல் லீவு போட்டு ரோவீனாவைக் காரில் அழைத்துப் போனான். வழியெல்லாம் கோதுமை பச்சையாக நின்றது என்றான். பள்ளி வாசலில் காரை நிறுத்தியபோது உள்ளேயிருந்து பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். படியில், புல்வெளியில், மரத்தடியில் எங்கே பார்த்தாலும் கைகள். ஒருத்தி பரீட்சையைத் திட்டினாள். இரண்டு பையன்கள் பீட்சாவுக்குப் பந்தயம் கட்டினார்கள். ஒரு அப்பா மகனிடம் முடி வெட்டச் சொல்லிக் கெஞ்சினார்.

டேல் தன் பக்கத்துக் கதவைத் திறந்து, "இறங்கலையா?" என்று கேட்டான்.

"கொஞ்சம் இரு டேல். கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து யாரெலி தோழிகள் கூட்டத்தோடு வந்து கண்ணாடியைத் தட்டினாள். அப்போதுதான் ரோவீனா இறங்கினாளாம்.