புரட்டாசியில் ஆறு முட்டை

இன்று காலை விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ். பக்கத்து சீட்டில் ஒரு அம்மாவும் அவர் மகளும். மகள் பள்ளியில் குண்டு எறிகிறாள். அடுத்த வாரம் மாவட்டப் போட்டி.

"கோச் தினம் முட்டை சாப்பிடச் சொல்றாருக்கா. இவங்க புரட்டாசி முடியட்டும்ன்றாங்க" என்று என்னிடம் முறையிட்டாள்.

"பெருமாளுக்காக ஒரு மாசம் சுத்தமா இருந்தா என்னங்க?" என்றார் அம்மா.

நான் அப்போதுதான் வறுத்த சோயா பாக்கெட் ஒன்றைப் பிரித்திருந்தேன். நூறு கிராம். அதில் முப்பத்தாறு கிராம் புரதம் என்று பின்னால் போட்டிருந்ததை மகளிடம் காட்டினேன். முட்டைக்கு ஆறு கிராம் என்று அவளுக்கே தெரியும்.

"மா, இதுல ஆறு முட்டை இருக்குது."

மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற குடும்பமாம். பயறும் பருப்பும் அந்த அம்மாவுக்குப் புதிதல்ல. ஆனாலும் ஒரே ஒரு சோயாவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இத்தினூண்டுல இம்மாஞ் சத்தா? கோழியே இல்லாம?"

சந்நிதியில் நிற்பவர் போலக் குரல் தணிந்துவிட்டது. டிவி பார்த்துக்கொண்டே கொறித்துத் தள்ளுகிற எனக்கும் ஒரு நிமிடம் சிலிர்த்தது.

வாய் வரைக்கும் போன அவர் கை நின்றது.

"ஏம்மா, ஆறு முட்டை சத்து இருக்குதுன்னா, இது சைவத்துல சேருமா?"

பாக்கெட்டிலிருந்த பச்சைப் புள்ளியைக் காட்டினேன்.

"அது கம்பெனிக்காரன் வெச்ச புள்ளிங்க. பெருமாள் வெச்சதில்ல."

அதற்குள் மகள் பாதி பாக்கெட்டை முடித்திருந்தாள். "மூணு முட்டை உள்ள போயிடுச்சு, மா."

மிச்ச மூன்று என் பையில் இருக்கிறது. நாளை சனிக்கிழமை. சாப்பிடலாமா, நீங்களே சொல்லுங்கள்.