கணுக்கால் அளவு பனி

போன மாதம் இமயமலையில், என் நண்பன் சீனுவின் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினார் எங்கள் கைடு. சீனு சென்னை கீழ்க்கட்டளைக்காரன். நாவலூர் ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மலை உச்சியையாவது தொட்டே தீருவது என்று, ஒரு வருஷமாக மாடம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்து நடந்து தேறியவன். உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். விடுவானா?

குறுக்கே ஒரு சரிவு. சீசனின் முதல் பனி, மூன்று நாளுக்கு முன்னால் விழுந்தது. அங்கங்கே புல்கூடத் தெரிந்தது.

"மச்சான், கணுக்கால்கூட முழுசா முங்கல. எங்க தெருவுல ஒரு மணி நேரம் மழை பேஞ்சா இதைவிட ஜாஸ்தி நிக்கும். இதுக்குப் போய் பயப்படுறாரு!"

எங்கள் ஏரியா அளவுகோல் அது. கணுக்கால் என்றால் நடக்கலாம், முட்டி என்றால் லீவு, இடுப்பு என்றால் படகு. நானும் 'ஆமாம்ல' என்று தலையாட்டினேன் – இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கைடு தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினார். இங்கே கொஞ்சம்தான். ஆனால் மேலே இருக்கிற பள்ளத்தில் காற்று பனியைக் கொண்டுபோய்க் குவித்திருக்கிறது. அது இன்னும் தரையோடு ஒட்டவில்லை. ஆளைப் புதைக்கக்கூட வேண்டாம்... காலை வாரி, கீழே இருக்கிற பாறைகளில் இழுத்துப் போட்டாலே போதும்.

சீனு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு கல்மேல் உட்கார்ந்தான். "ஒரு வருஷம் மச்சான்..." என்றான். எனக்குப் பாவமாக இருந்தது.

வெயில் ஏறியது. பத்து நிமிஷம் இருக்கும், 'தொம்'மென்று ஒரு சத்தம். மேலே பள்ளத்தில் ஒரு விரிசல் ஓடியது. சரிவிலிருந்த பனி மொத்தமும் நழுவி, கல்லையும் மண்ணையும் வாரிக்கொண்டு போனது. நாங்கள் நடந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் பாறை.

இறங்கும் வழியில், ஐந்து கல்லூரிப் பிள்ளைகள் கைடு இல்லாமல் ஏறி வந்தார்கள். இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சீனுவுக்கு இந்தி சுத்தமாக வராது. பின்னால் வந்த கைடு வந்து சேரும்வரை காத்திருக்கவும் பொறுமை இல்லை. இரண்டு கையையும் விரித்து வழியை மறித்து நின்றான்.

"நோ! போவாதீங்கப்பா! மேல பேஜாரா கீது!"

பதற்றத்தில் ஆபீஸ் தமிழ் பறந்துவிட்டது. ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்பினார்கள்.

"உச்சியில எடுத்த போட்டோ எங்க சார்?" என்று ஆபீஸில் இன்னும் கேட்கிறார்கள். சீனு சந்தோஷமாக மொபைலை நீட்டுகிறான்.

அதில் ஐந்து முதுகுகள் – கீழே இறங்கிப் போகின்றன.