பெயர் தெரியவில்லை

1961-இல் எங்கள் சரித்திர டீச்சர், தென்காசி ரதவீதிக் கடைகளின் வரலாற்றை எழுதி வரச் சொன்னார். நான் தங்கத்தாய் அக்காவின் வெற்றிலைக் கடைக்குப் போனேன்.

"கடைய ஆரம்பிச்சது யாருக்கா?"

"எங்க வீட்ல அவுகதான்." அவள் புருஷன் இறந்து ஆறு வருடமாகியிருந்தது.

"அவுக பேரு?"

புருஷன் பெயரை எங்கள் ஊர்ப் பெண்கள் வாயால் சொல்வதில்லை. அக்கா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். எனக்கோ அவசரம், இன்னும் மூன்று கடை பாக்கி. வழக்கம் தெரிந்தும், ‘பெயர் தெரியவில்லை’ என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

அவள் கை நின்றது.

"தெரியலையா? பதினெட்டு வருசம் கூட வாழ்ந்தவளுக்கா?"

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்பிராஜன்."

பிறகு என் பென்சிலையே பார்த்தாள்.

"இன்னொரு தடவ சொல்ல மாட்டேன். தப்பில்லாம எழுதுட்டி."